பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகிறவர்

திருச்சியில் அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரை 2014 கடைசியில் வாங்கினோம். இன்டெல் ஐ3 4150, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கறுப்பு கேபினெட், அந்தக் கேபினெட்டை உள்ளே தள்ளி வைப்பதற்கென்றே ஒரு பொந்து உள்ள மரமேஜை. அப்பா ரிட்டயர் ஆன வருடம் அது. அப்போதிலிருந்து தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். வாட்ச்மேன் சம்பளம், தண்ணீர் லாரிக்குக் கொடுத்தது, யார் எத்தனை மாதம் சந்தா பாக்கி என்பது வரை எல்லாம் ஒரே எக்செல் ஃபைலில், வருடத்துக்கு ஒரு ஷீட்டாக.

2025 பொங்கலுக்குப் போயிருந்தபோது காலை ஆறரைக்கு அப்பா மேஜைக்கு வந்தார். சுவரில் சுவிட்சைப் போட்டார், கேபினெட் பட்டனை அழுத்தினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு, காபி டம்ளரோடு வந்து உட்காரும்போது திரையில் ஐகான்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "தீபாவளியில இருந்தும்மா. நான் அதுக்கேத்த மாதிரி குளியலை மாத்திக்கிட்டேன்" என்றார், ஏதோ பஸ் நேரம் மாறிவிட்டது போல. அதோடு இன்னொன்றும் சொன்னார்: "காலையில ஏறத்தான் லேட்டு. மத்தியானத்துல ஏறினதுக்கு அப்புறமும் இழுக்குது." முதல் பாதியை மட்டும்தான் நான் காதில் வாங்கினேன். அதற்கு நான்கு மாதம் கழித்து ஒரு டிரெயின் டிக்கெட் செலவு ஆனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. தம்பி வைரஸ் என்றான். அம்மா, "அதுக்கும் வயசாவுதுல்ல" என்றார். சர்வீஸ் செய்ய வந்த பையன் ஏற்கெனவே பார்த்துவிட்டு, "சார், போர்டு பழசு சார். ஃபார்மட் அடிச்சா ஆறு மாசம் ஓடும், அப்புறம் புதுசுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஃபார்மட் அடிப்பது, அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது, நம் ஊரில் எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம். பல நேரம் அது வேலையும் செய்துவிடுகிறது, ஏன் வேலை செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தப் பழசு என்ற வார்த்தைதான் உறுத்தியது. நொடிக்கு 350 கோடி துடிப்பு என்று 2014இல் ஓடிய பிராசஸர் இன்றைக்கும் அதே 350 கோடிதான் துடிக்கும். நம் முழங்கால் மாதிரி அது தேய்வதில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: 2018 ஜனவரியில் வெளியே தெரிந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கப் போட்ட ஒட்டுகள் இந்தத் தலைமுறைச் சிப்புகளின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது உண்மை. ஆனால் அது தீபாவளியிலிருந்து திடீரென்று ஏழு நிமிடம் எடுக்கவைக்கிற அளவு சமாச்சாரம் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் பழசாகிறவை சில பாகங்கள்தான், சுழல்கிறவை, காய்கிறவை, தூசி பிடிக்கிறவை. ஏற்கெனவே இருந்த வேலைகளுக்கு மேல் கேட்காமலே வந்து சேர்ந்துகொள்கிற வேலைகள் இன்னொரு வகை. இவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பழசு என்று சொல்வது, டாக்டர் பல்ஸ் பிடிக்காமலே "வயசாயிடுச்சு பாட்டி" என்று அனுப்பிவைப்பது போல.

இவ்வளவு பேசுகிற நான் முதலில் செய்தது அதைவிட மோசம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எந்தப் பாகம் எவ்வளவு வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், மெமரி, அதாவது ராம், 82 சதவீதம் என்று இருந்தது, உடனே ராம் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். 4 ஜிபியில் விண்டோஸ் 10 என்றால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? கடையில் போய் பழைய டிடிஆர்3 ராம் ஒன்று, 4 ஜிபி, 700 ரூபாய்க்கு வாங்கி வந்து செருகினேன். ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன், செருகுவதற்கு முன் செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து வைத்திருந்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து சங்கக் கணக்கு எக்செல் ஃபைல் திறந்து அதில் ஒரு எண்ணைத் தட்டினால் அது விழுகிற வரைக்கும் 7 நிமிடம் 40 விநாடி. ராம் போட்டபின் 7 நிமிடம் 20 விநாடி. 700 ரூபாய்க்கு இருபது விநாடி. அளந்து வைக்காமல் விட்டிருந்தால் "இப்பக் கொஞ்சம் பரவாயில்லப்பா" என்று நானே சொல்லி, அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டி, அதோடு முடிந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை கம்ப்யூட்டரை ஆன் செய்து, எதையும் தொடாமல், டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தேன். பிராசஸர் 6 சதவீதம். மெமரி பாதிகூட இல்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். அதைவிட அதன் கீழே இருந்த எண்கள்தான் கதை சொல்லின. படிக்கும் வேகம் நொடிக்கு 0.9 எம்பி, ஒரு கேள்விக்குப் பதில் தர எடுக்கும் சராசரி நேரம் 2,800 மில்லிவிநாடி. நூறு சதவீதம் வேலை செய்கிறேன் என்கிறது, ஆனால் முடித்த வேலை ஒன்றுமில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது அடிப்படையில் சுழலும் தட்டு. இது நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. படிக்கும் முனை வேண்டிய தடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் வேண்டிய இடம் சுழன்று அதன் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12, 13 மில்லிவிநாடி ஆகும். பெரிய வீடியோ ஒன்றைத் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் அள்ளிக் கொடுக்கும் அதே டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்டால் நொடிக்கு 80 தடவைக்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். விண்டோஸ் ஏறும்போது கேட்பதெல்லாம் அந்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்னக் கேள்விகள். ஆக நல்ல ஆரோக்கியமான டிஸ்க்குக்கே இது கஷ்டமான நேரம். ஆனாலும் 13 எங்கே, 2,800 எங்கே.

தட்டில் ஒரு இடம் கெட்டுப்போனால் டிஸ்க் உடனே கையை விரித்துவிடாது. மறுபடி மறுபடி அதே இடத்தைப் படித்துப் பார்க்கும், முனையை எடுத்து ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும், பல விநாடிகள் போராடும். அதுவரை பின்னால் நிற்கிற எல்லாக் கேள்வியும் நிற்கும். ரேஷன் கடையில் ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவில்லை என்றால் மொத்த வரிசையும் வெயிலில் நிற்குமே, அதேதான். பாட்டி மேலும் தப்பில்லை, வரிசை மேலும் தப்பில்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள், ஜப்பான்காரர் ஒருவர் செய்தது. டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளை அது படித்துக் காட்டும். மஞ்சளில் எச்சரிக்கை காட்டியது. படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் இடங்கள் என்ற வரியில் ஏ8 என்று இருந்தது. ஏ8 என்றால் என்ன என்று கொஞ்ச நேரம் முழித்தேன், அப்புறம்தான் அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும் என்பது நினைவுக்கு வந்தது. பத்துப் பதினாறு நூற்று அறுபது, கூட எட்டு, 168. அந்த வரியில் சுழியம்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரிலும் பார்த்தேன், டிஸ்க் பெயரில் கெட்ட இடம் என்று சொல்லும் 7ஆம் எண் பிழை வரிசை வரிசையாக இருந்தது, அதில் முதல் பதிவு 2024 நவம்பர் முதல் வாரம். அப்பா சொன்ன தீபாவளி அக்டோபர் 31. அந்த மழைக்காலத்தில்தான் யுபிஎஸ் பேட்டரி செத்து, கரன்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் பொட்டென்று அணைந்துகொண்டிருந்திருக்கிறது. அதுதான் டிஸ்க்கைக் கெடுத்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், பத்து வருடம் ஓடிய டிஸ்க் தானாகவும் போயிருக்கலாம். ஆனால் தேதி ஒத்துப்போனது.

காலையில் அப்பாவிடம், "உள்ளே டிக், டிக்னு ஒரு சத்தம் கேட்குதே, கவனிச்சீங்களா?" என்றேன். "அதுவா? மேஜைக்குப் பின்னால பல்லி இருக்குன்னுல்ல நினைச்சேன். நல்ல சகுனம்னு வேற விட்டுட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் ஃபார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது. பத்து வருடக் கணக்குக்கு வேறு நகல் இல்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்கில், சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் டீஃப்ராக் ஓட்டுவதும், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை விட்டு மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்வதும் மாரடைப்பு வந்தவரை மாடிப்படி ஏறச் சொல்வது. முதலில் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். சங்கக் கணக்கை முதல் காரியமாகப் பென் டிரைவில் எடுத்தேன், வந்துவிட்டது. அப்புறம் போட்டோக்கள், கடைசியில் பாட்டு. பொங்கல் அன்று மத்தியானம் ஆரம்பித்த நகல் மாட்டுப் பொங்கல் சாயங்காலம் முடிந்தது. பதினோரு ஃபைல் வரவில்லை, எல்லாம் கொடைக்கானல் போனபோது எடுத்த போட்டோ. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, அவர் அந்தப் பயணம் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்.

சுழலும் தட்டே இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி, 240 ஜிபி, ஒன்று 1,600 ரூபாய். விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், உரிமம் போர்டோடு கட்டப்பட்டிருப்பதால் அதுவே தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. ஒரு சின்ன வேடிக்கை: வேகத்தை அளந்தால் நொடிக்கு 270 எம்பிதான் வந்தது, பெட்டியில் 500க்கு மேல் போட்டிருந்தார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கிளம்பப் பார்த்தேன். அப்புறம் போர்டின் கையேட்டைத் தேடிப் பார்த்தால், அதிலிருக்கும் எச்81 சிப்செட்டில் டிஸ்க்குகளை இணைக்கும் நான்கு சாட்டா செருகுமிடங்களில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3. நான் டிவிடி டிரைவின் ஒயரைப் பிடுங்கி அதில் சொருகியிருந்தேன். இடம் மாற்றினேன், 530 வந்தது. உண்மையைச் சொன்னால் அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. சுழலும் தட்டை விட்டு வந்ததுதான் விஷயம், சின்னக் கேள்விக்குக் காத்திருப்பு மில்லிவிநாடிக்கும் கீழே போய்விட்டது. அதே பட்டன், அதே எக்செல் ஃபைல், 41 விநாடி.

வந்த வேகத்தில் மற்றதையும் சுத்தம் செய்யலாம் என்று பழைய டிஸ்க்கில் என்னென்ன தானாக ஓடிக்கொண்டிருந்தன என்று எழுதி வைத்த பட்டியலைப் பார்த்தேன். 2017இல் தூக்கிப் போட்ட பிரின்டரின் மென்பொருள் மையளவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. வைரஸ் தடுப்பு இரண்டு, ஒன்று அப்பா வருடா வருடம் காசு கொடுத்துப் புதுப்பிப்பது, இன்னொன்று எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்தது, ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது இரண்டும் தனித்தனியாகச் சோதனை போடும். ஒன்றுமே போடாமல் விட்டு விண்டோஸோடு வருவதை மட்டும் வைத்தேன்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. அப்பா ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கம்ப்யூட்டரைப் போடுவார். விண்டோஸ் தன் வீட்டு வேலைகளை, அதாவது அப்டேட், ஸ்கேன் போன்றவற்றை ராத்திரி இரண்டு மணிக்கு வைத்திருக்கும். அந்நேரம் மெஷின் அணைந்திருந்தால் அடுத்து எப்போது ஆன் ஆகிறதோ அப்போது பிடித்துக்கொள்ளும். ஆக, குறைவாகப் பயன்படுத்துகிறவரின் கம்ப்யூட்டர்தான் எப்போதும் பிஸி! ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் சும்மா ஆன் செய்து வையுங்கள் என்றேன். கரன்ட் பில்லை யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் சென்னைக்கு வந்தேன்.

மே மாதம், கத்திரி ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும், போன் வந்தது. "ஏம்மா, காலையில ஜம்முன்னு இருக்கு. மத்தியானம் போட்டா பழையபடி இழுக்குது." எஸ்எஸ்டி போட்ட பிறகும் எப்படி? வீடியோ காலில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன், அப்பா போனைத் திரைக்கு நேராகப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு காலண்டரை ஐந்து நிமிடம் காட்டினார். கடைசியில் தெரிந்தது. டிஸ்க் 2 சதவீதம், பிராசஸர் 100 சதவீதம், அதன் வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 கோடி துடிப்பு. வேலை இல்லாதபோது பிராசஸர் 0.8க்கு இறங்கி ஓய்வெடுப்பது சாதாரணம்தான், அது சிக்கனம். நூறு சதவீதம் வேலையில் இருக்கும்போது 3.5க்குப் பதில் 1.1 என்றால் அது சிக்கனம் இல்லை, சூடு. வெப்பம் நூறு டிகிரியை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பொங்கலுக்கே சொன்னாரே என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு புகார் சொல்லியிருக்கிறார், காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக மடித்து "ஸ்லோவா இருக்கு" என்று எழுதிக்கொண்டது நான். வேலை பார்க்கும் இடத்தில் யாராவது பிழை அறிக்கையை இப்படி எழுதினால் நான் விடமாட்டேன்.

ஊருக்குப் போனேன். மேஜைப் பொந்திலிருந்து கேபினெட்டை இழுத்தால் அதன் மேல் நாலாக மடித்த பழைய வேட்டி. தூசி விழக்கூடாதாம். மேலே வேட்டி, மூன்று பக்கமும் மரம், பக்கத்தில் பூஜை அலமாரி. உள்ளே திறந்தால் சாதாரணத் தூசி இல்லை, தினம் சாம்பிராணிப் புகையில் ஊறிப் பிசுபிசுத்துப்போன, கம்பளி மாதிரி ஒரு படலம். பிரஷ்ஷுக்கே வரவில்லை, ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினேன். அதைவிட முக்கியமானது பிறகுதான் கண்ணில் பட்டது. பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட்சிங்க்கை போர்டோடு பிடித்து வைப்பவை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். அதில் ஒன்று கழன்று மேலே வந்திருந்தது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு, சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு முடி நுழையும் இடைவெளி. ராம் செருகும்போது நான்தான் இடித்துக் கழற்றினேனா, அதற்கும் முன்பே கழன்றிருந்ததா என்பதை அப்பாவிடம் விவாதிக்கவில்லை.

காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பழைய தெர்மல் பேஸ்ட்டை, அதாவது சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் பசையை, துடைத்தெடுத்து, பட்டாணி அளவு புதுசு வைத்து, நான்கு ஊசியும் டக் டக்கென்று சத்தம் கேட்கும் வரை அழுத்தினேன். பேஸ்ட் 150 ரூபாய். முன்பு வேலை கொடுத்தால் 97 டிகிரி காட்டியது, இப்போது அதே மே மாத மத்தியானத்தில் 64. வேட்டியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார், கேபினெட்டையும் பொந்திலிருந்து வெளியே வைத்தார், இப்போது அம்மா பெருக்கும்போதெல்லாம் அதில் முட்டிக்கொள்கிறார். அதற்குத் தினமும் எனக்கு ஒரு திட்டு.

இந்தச் சிப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான், இது நான்காவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்து 2026 அக்டோபர் 13 வரை நீட்டி வைத்திருக்கிறேன். அப்புறம் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போடலாம் என்பது என் எண்ணம், மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எக்செலில் அப்பா எழுதி வைத்திருக்கும் சூத்திரங்களை வேறொன்றில் திறந்து காட்டி அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

போன மாதம் மறுபடி போன். இந்த முறை "ஸ்லோ" என்று சொல்லவில்லை. "வேகமெல்லாம் சரியாத்தான் இருக்கு. காலையில போட்டா மட்டும் தேதி 2014 ஜனவரி ஒண்ணுன்னு வருது. எந்த வெப்சைட்டும் திறக்கலை. தேதியை மாத்தினா திறக்குது. ராத்திரி சுவத்து சுவிட்சை அணைச்சா மறுநாள் வருது, அணைக்காம விட்டுப் பார்த்தேன், வரலை." இவ்வளவும் அவரே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், கரன்ட் இல்லாதபோது தேதியையும் நேரத்தையும் ஓட்டுவது அதுதான், சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார், பின்னால் அம்மா டார்ச் அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"கழட்டிட்டேன். ப்ளஸ் மேல வரணுமா, கீழ வரணுமா?"

மேல என்றேன்.